கலி 98, நள வருஷம்: ஆண்டாள் காலம் பற்றி ஒரு நம்பிக்கையாளனின் கணக்கு

எங்க பக்கம் யாரைக் கேட்டாலும் ஆண்டாள் பிறந்தது ஆடிப்பூரம்னு யோசிக்காமச் சொல்லுவாங்க. எந்த வருஷம்னு கேட்டாத்தான் சிக்கல். குருபரம்பரை மரபு சொல்றது: கலியுகம் 98, நள வருஷம், ஆடி மாசம், பூர நட்சத்திரம். இதை ஆங்கில வருஷமா மாத்தினா கி.மு. 3005. வரலாற்றுப் புத்தகங்களைத் திறந்தா கி.பி. 8 அல்லது 9ஆம் நூற்றாண்டுன்னு இருக்கு. ரெண்டுக்கும் நடுவில 3,700 வருஷத்துக்கு மேல இடைவெளி. ஏதோ பத்து, இருபது வருஷ வித்தியாசம்னா கண்டுக்காம விட்டுடலாம். இது அப்படி இல்லை.

நான் கிருஷ்ணன்கோவில்காரன். ஸ்ரீவில்லிபுத்தூர் எனக்கு பஸ்ஸில் போய் வர்ற தூரம். வீட்டில் மார்கழி முப்பது நாளும் திருப்பாவை உண்டு. ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்கப் போறது உண்டு. பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுறேன். பி.இ. படிச்சவன், வரலாறு முறையாப் படிச்சவன் இல்லை. ஆகவே இந்தக் குறிப்பை ஒரு நம்பிக்கையாளன் தன் நம்பிக்கையை மேஜை மேல வச்சுப் பிரிச்சுப் பாத்ததா எடுத்துக்கங்க. முடிவை விட, அந்த முடிவுக்கு நேர்மையா எப்படி வர்றதுங்கறதுதான் எனக்கு முக்கியமாப் பட்டது.

தாமஸ் கிலோவிச் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1991இல் வந்த தன் புத்தகத்தில் ஒரு விஷயம் சொல்றார். நமக்குப் பிடிச்ச ஒரு கூற்று முன்னால வந்தா, "இதை நம்பலாமா?"ன்னு மனசு கேக்குது. அதுக்கு ஒரே ஒரு ஆதரவு கிடைச்சாலும் போதும், நம்பிடுவோம். பிடிக்காத கூற்று வந்தா கேள்வி மாறிடும்: "இதை நம்பியே ஆகணுமா?" அதுக்கு ஒரே ஒரு ஓட்டை கிடைச்சாலும் போதும், தள்ளிடுவோம். ரெண்டு தடவையும் ஆராய்ஞ்சு பாத்த திருப்தி மட்டும் நமக்கு ஒரே மாதிரி இருக்கும். ஆபீஸில் இதைத் தினமும் பாக்கலாம். அடுத்தவன் எழுதின கோடை ரிவ்யூ பண்ணும்போது ஒவ்வொரு வரியையும் சந்தேகப்படுறவன், தன் கோடு டெஸ்ட்டில் ஒரு தடவை பச்சை காட்டினதும் எழுந்து டீ குடிக்கப் போயிடுவான்.

இந்த ரெண்டு தராசு விஷயம் எங்க ஊர்ப் பக்கமே பெரிசா வெடிச்சது 2018 ஜனவரியில். ராஜபாளையத்தில் தினமணி நடத்திய நிகழ்ச்சியில் கவிஞர் வைரமுத்து ஆண்டாள் பற்றி ஒரு கட்டுரை வாசிச்சார். பெரும்பகுதி ஆண்டாளின் தமிழைப் புகழ்ந்த கட்டுரை. அதில் ஓரிடத்தில், ஆண்டாள் ஸ்ரீரங்கம் கோவிலில் வாழ்ந்து மறைந்த ஒரு தேவதாசி என்ற கருத்தை ஓர் ஆங்கில ஆய்வு நூலை மேற்கோள் காட்டிச் சொன்னார். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகப் பெயரும் அதோட வந்தது. அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும்: போராட்டம், ஜீயரின் உண்ணாவிரதம், வழக்கு, வருத்தம் தெரிவித்தல்.

அந்தச் சமயத்தில் எங்க பக்கத்து ஆட்கள் பலர் நல்ல ஆய்வாளர்களா மாறினாங்க. இதை நான் கேலியாச் சொல்லலை. அந்த நூலைத் தேடிப் பிடிச்சாங்க. 'இந்தியன் மூவ்மென்ட்ஸ்' என்கிற அந்தத் தொகுப்பு, எஸ்.சி. மாலிக் பதிப்பிச்சு, 1978இல் சிம்லாவில் இருக்கிற இந்திய உயராய்வு நிறுவனம் வெளியிட்டது. இண்டியானா வெளியிட்டது இல்லை. ஆண்டாள் பற்றிய வரி வர்றது எம்.ஜி.எஸ். நாராயணனும் கேசவன் வெளுத்தாட்டும் சேர்ந்து எழுதின, தென்னிந்திய பக்தி இயக்கம் பற்றிய கட்டுரையில. பெரிய இயக்கம் ஒண்ணைப் பற்றிப் பேசுற கட்டுரையில் போகிற போக்கில் வர்ற ஒரு வரி. ஆண்டாள் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல பிந்தி எழுதினது. "இதுக்கு மூலச் சான்று என்ன? கல்வெட்டா, பாசுரமா, பழைய உரையா?" என்று கேட்டாங்க. மிகச் சரியான கேள்விகள். என் பார்வையில், அந்தக் கூற்றுக்குப் போதுமான மூலச் சான்று காட்டப்படலை. அதனால அதை நான் ஏத்துக்கலை.

இதே கேள்விகளை நம்ம பக்கத்துக் கூற்றுகளிடம் கேட்டோமா? துளசி வனத்தில் குழந்தையாகக் கிடைச்சது, கண்ணாடியில மாலையைப் போட்டுப் பாத்தது, ஸ்ரீரங்கத்தில் சன்னிதிக்குள் நடந்து போய் மறைஞ்சது. இதெல்லாம் எப்போ, யார் எழுதினது? ஆண்டாள் காலத்துக்கு எத்தனை வருஷம் பிந்தி? குருபரம்பரை நூல்கள் ராமானுஜர் காலத்துக்கும் பிந்தியவை. எதிராளியின் சான்றுக்கு ஆயிரம் வருஷ இடைவெளி குத்தம்னா, நம்ம சான்றுக்கு சில நூற்றாண்டு இடைவெளியும் கணக்கில் வரத்தான் வேணும். அளவு குறைவு, ஆனா அதே வகைக் குறைதான்.

இன்னொண்ணும் சொல்லணும். "தேவதாசி" என்ற சொல்லை இன்னைக்கு நாம கேக்கிற காதோட 9ஆம் நூற்றாண்டுக்குப் போக முடியாது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோவிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, அவங்களுக்கு வீடும் நெல்லும் கொடுத்ததைக் கல்லிலேயே வெட்டி வச்சிருக்கான். சோழர் காலத்துக் கோவில் பெண்கள் நிலமும் விளக்கும் தானம் கொடுத்தவங்களா கல்வெட்டுகளில் வர்றதை லெஸ்லி ஓர் விரிவா ஆராய்ஞ்சு 2000இல் புத்தகமாவே போட்டிருக்கார். அந்தச் சொல்லில் ஏறின அவமானம் பின்னால சேர்ந்தது. ஆக, "சான்று இல்லை" என்று மறுக்கிறது நியாயம். "கேவலப்படுத்திட்டாங்க" என்று மறுக்கிறதில் நம்ம காலத்துக் கண்ணாடி கலந்திருக்கு. ரெண்டையும் கலக்காம வச்சுக்கறது நல்லது.

சரி, கலி 98க்கு வருவோம். இதை வெறும் புராணக் கணக்குன்னு தள்ளிவிடறதும் ஒருதலைப்பட்சம்தான். தள்ளறதுக்கு முன்னால கணக்கு பண்ணிப் பாக்கலாம்.

நம்ம அறுபது வருஷப் பெயர்கள் பிரபவ 1, அட்சய 60. 2024 ஏப்ரலில் பிறந்த குரோதி 38ஆவது. அப்போது கலியில் கழிந்த ஆண்டுகள் 5125. அதை 60ஆல் வகுத்தா மீதி 25. 25க்கும் 38க்கும் வித்தியாசம் 13. ஆகத் தமிழ்நாட்டுப் பஞ்சாங்க முறைக்குச் சூத்திரம் ரொம்ப எளிது: கழிந்த கலி ஆண்டோட 13 கூட்டு, 60ஆல் வகு, மீதிதான் வருஷத்தின் வரிசை எண். கலி 98 நடக்கும்போது கழிந்தது 97. 97 + 13 = 110. மீதி 50. ஐம்பதாவது வருஷம் நள. பொருந்துது!

பெரியாழ்வாருக்கு மரபு சொல்றது கலி 47, குரோதன வருஷம். கழிந்தது 46, கூட்டினா 59, 59ஆவது குரோதன. பொருந்துது. திருமங்கையாழ்வாருக்கு கலி 398, நள வருஷம். 397 + 13 = 410, மீதி 50, நள. அதுவும் பொருந்துது. மூணும் ஒரே சூத்திரத்தில் சுத்தமா உக்காருது. இதை எழுதி வச்சவங்க வாய்க்கு வந்ததை எழுதலை, பஞ்சாங்கம் தெரிஞ்சவங்க. இதை ஒத்துக்கிட்டுத்தான் அடுத்த படி போகணும்.

அடுத்த படியில்தான் விஷயம் இருக்கு. அறுபது வருஷச் சுற்று ஆதியில் வியாழனின் ஓட்டத்தை வச்சு வந்தது. வியாழன் ஒரு ராசியைக் கடக்கிற காலம் ஒரு சூரிய வருஷத்தை விடக் கொஞ்சம் குறைவு. அதனால சுமார் 85 வருஷத்துக்கு ஒரு முறை ஒரு வருஷப் பெயரைத் தாண்டிப் போகணும். வட இந்தியாவில் இன்னைக்கும் அப்படித்தான். அதனாலதான் நமக்கு குரோதி நடந்தப்ப அங்கே பெயர் வேற. தெற்கே இந்தத் தாண்டற வழக்கம் சக ஆண்டு 828, அதாவது கி.பி. 905-906 வாக்கில் நின்னு போச்சுன்னு ராபர்ட் சிவெலும் சங்கர் பாலகிருஷ்ண தீட்சித்தும் 1896இல் வெளியிட்ட 'இந்தியன் காலண்டர்' நூல் விளக்குது. நான் மேலே போட்ட "13 கூட்டு" சூத்திரம், தாண்டறது நின்ன பிறகு உள்ள தெற்கத்திச் சூத்திரம். பழைய முறையில் போட்டா என்ன ஆகும்? சூரிய சித்தாந்தப்படி கலியுகம் விஜய வருஷத்தில் தொடங்குது. அங்கிருந்து தாண்டல்களையும் சேர்த்து எண்ணினா, கழிந்த ஆண்டு 97இல் வர்றது நள இல்லை, பிரஜோற்பத்தி.

இதுக்கு என்ன அர்த்தம்? "98" என்ற எண்ணையும் "நள" என்ற பெயரையும் ஒண்ணா ஜோடி சேர்த்தவர், 10ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக்குப் பிந்தைய தெற்கத்தி முறையில் பின்னோக்கி எண்ணியிருக்கார். இது கி.மு. 3005இல் யாரோ குறிச்சு வச்ச பிறந்த நாள் குறிப்பு இல்லை. மரபுக்கு நியாயம் செய்யணும்னா ஒரு இடம் விட்டு வைக்கலாம்: 98 என்கிற எண் பழையதா இருந்து, நள என்கிற பெயர் மட்டும் பின்னால சேர்ந்திருக்கலாம். அதை இந்தக் கணக்கால மறுக்க முடியாது. ஆனா ஜோடியா எடுத்துக்கிட்டு "பாருங்க, வருஷம் கூடச் சரியாப் பொருந்துது"ன்னு இனிமே ஆதாரமாக் காட்ட முடியாது.

இதே கண்டிப்பை வரலாற்றுப் பக்கத்து வாதத்திடமும் காட்டணும். அங்கே ரொம்பப் பிரபலமானது வெள்ளி-வியாழன் வாதம். திருப்பாவை 13ஆம் பாசுரத்தில், விடிஞ்சாச்சு எழுந்திருன்னு சொல்ற தோழி, சுக்கிரன் உதிச்சதையும் குரு மறைஞ்சதையும் அடையாளமாச் சொல்றா. மார்கழி, விடியல், கிழக்கே வெள்ளி, மேற்கே அஸ்தமிக்கும் வியாழன். மு. இராகவையங்கார் 'ஆழ்வார்கள் காலநிலை' நூலில் இந்தக் குறிப்பை வச்சு, கி.பி. 731ஆம் வருஷத்தைத் தேர்ந்தார். டிசம்பர் 18ன்னு தேதி வரைக்கும் சொல்லப்படறது அதிலிருந்துதான். பல கட்டுரைகளில் இதை "வானியல் ரீதியாக நிரூபிக்கப்பட்டது"ன்னு எழுதறாங்க. பகுத்தறிவு பேசறவங்களும் இதைச் சந்தோஷமா எடுத்துக்கறாங்க, ஏன்னா கலி 98ஐ அடிக்க உதவுது.

நிரூபணம்தானா? எண்களைப் பாப்போம். வெள்ளி ஒரு முழுச் சுற்றுக்கு 584 நாள் எடுக்குது. அதில் விடிவெள்ளியாத் தெரியறது சுமார் 263 நாள். கிட்டத்தட்ட 45 சதவீதம். ஆக ஏதோ ஒரு மார்கழியில் விடிவெள்ளி இருக்க வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் கம்மி. வியாழன் வானத்தை ஒரு சுற்று வர சுமார் 12 வருஷம். வெள்ளி உதிக்கும் நேரத்தில், ஒரு மணி நேரம் முன்னே பின்னே, வியாழன் மேற்கில் மறையணும்னா வியாழன் ஏறத்தாழ எதிர் ராசியில் இருக்கணும். அது பன்னிரண்டில் ஒரு வருஷம். ரெண்டையும் பெருக்கினா சுமார் 27 வருஷத்துக்கு ஒரு தடவை. கி.பி. 600 முதல் 900 வரை எடுத்துக்கிட்டா பத்துப் பதினொரு தடவை இந்தக் காட்சி வரும். நேரத்தை நிமிஷக் கணக்கில் இறுக்கி, முதல் பாசுரத்தின் பௌர்ணமியையும் அதே நாளுக்குக் கட்டினா எண்ணிக்கை குறையும். ஆனா அப்படி இறுக்கச் சொன்னது யார்? ஒண்ணாம் பாசுரத்தின் பௌர்ணமியும் பதிமூணாம் பாசுரத்தின் கிரகங்களும் ஒரே நாள்னு பாசுரம் சொல்லலை.

இன்னொரு வாசிப்பும் இருக்கு. வெள்ளி எழுந்திருச்சு, வியாழன் (எப்பவோ) மறைஞ்சிருச்சு; ரெண்டும் ஒரே நேரத்தில் நடந்ததா இருக்க வேண்டியதில்லை. ராத்திரி எந்த நேரத்தில் வியாழன் மறைஞ்சிருந்தாலும் அந்தச் சொற்கள் பொருந்தும். அப்போ வியாழன் பக்கத்து நிபந்தனை பன்னிரண்டில் ஒண்ணு இல்லை, ரெண்டில் ஒண்ணு. பெருக்கினா நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. முன்னூறு வருஷத்தில் அறுபது தடவைக்கு மேல! இந்தக் கவிதை ஆயர்பாடியைக் கற்பனை செய்யுது என்பதையும், விடியலுக்கான அடையாளங்களில் இதுவும் ஒண்ணா இருக்கலாம் என்பதையும் சேர்த்தா, கவி அன்னைக்கு வானத்தைப் பாத்துத்தான் எழுதினாள் என்பதே ஓர் அனுமானம்.

முக்கியமான ஓட்டை ஒண்ணு பாக்கி. 600லிருந்து 900க்குள் தேடு என்று சொன்னது கிரகங்கள் இல்லை. மொழியும் அரசர் பெயர்களும் சொன்னது. இந்தக் காட்சி எல்லா ஆயிரம் வருஷத்திலும் திரும்பத் திரும்ப வர்றதுதான், கி.மு. 3000 வாக்கிலும் வந்திருக்கும். ஆகவே வெள்ளி-வியாழன் வாதத்தால் கலி 98ஐ மறுக்க முடியாது, நிறுவவும் முடியாது. 731 என்பது புத்திசாலித்தனமான ஓர் அனுமானம். அதுக்கு மேல இல்லை.

இங்கே ஆசை காட்டற ஒரு பொறி இருக்கு. "13 கூட்டு" சூத்திரத்தில் 8ஆம் நூற்றாண்டில் நள வருஷம் எப்போ வருதுன்னு பாத்தா கி.பி. 716 வருது. 716இல் பிறந்து 731இல் திருப்பாவை பாடினா வயசு 15! மரபு சொல்ற நள வருஷமும் சரி, இளம்பெண் என்பதும் சரி, வானியலும் சரி. இதைப் பாத்தா உடம்பு சிலிர்க்கும். சிலிர்க்கற இடத்தில்தான் நிக்கணும். 716 என்பது தெற்கே தாண்டல் நிக்கறதுக்கு முந்தைய காலம். பழைய முறையில் எண்ணினா 716இல் வர்றது நள இல்லை, ஆனந்த. "98-நள" ஜோடியைத் தள்ள நான் எந்தக் காரணத்தைச் சொன்னேனோ, அதே காரணம் இந்த அழகான பொருத்தத்தையும் தள்ளுது. அங்கே பிடிச்ச விதியை இங்கே விட்டுட்டா நான் பண்ணினது ஆராய்ச்சி இல்லை.

பின்ன எதை நம்பி 8-9ஆம் நூற்றாண்டு என்கிறேன்? பாசுரங்களை. ஆண்டாளின் பாடல்கள் 173: திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. அதில் அவள் தன்னைப் பற்றித் தானே சொல்றது கொஞ்சம்தான்: பெயர் கோதை, ஊர் புதுவை, பட்டர்பிரானோட உறவு. அந்தப் பட்டர்பிரான், அதாவது பெரியாழ்வார், திருமாலிருஞ்சோலையைப் பாடும்போது கூடலை, அதாவது மதுரையை ஆண்ட நெடுமாறன் என்ற பாண்டியனைப் பேர் சொல்றார். குருபரம்பரை அவர் காலத்துப் பாண்டியனை வல்லபதேவன் என்கிறது. 9ஆம் நூற்றாண்டில் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்றே ஒரு பாண்டியன் ஆண்டிருக்கான். திருமங்கையாழ்வார் காஞ்சியில் பரமேச்சுர விண்ணகரத்தைப் பாடறார்; இன்னைக்கு வைகுண்டப் பெருமாள் கோவில்னு சொல்ற அந்தக் கோவில் 8ஆம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் கட்டினது. அந்த ஆழ்வாருக்கு மரபு கொடுக்கிற கலி 398ஐ, அவர் பாடின கோவிலே மறுக்குது. தமிழ் மொழியின் வளர்ச்சியும் இதைத்தான் சொல்லுது: ஆண்டாளின் தமிழ் சங்கத் தமிழுக்குப் பிந்தியதுன்னு வாசிக்கிற எவருக்கும் தெரியும், சங்கப் பாடல்களே கி.மு. 3000த்துக்குப் போகாது. ஒரே ஒரு கிரகக் குறிப்பை விட, ஒண்ணை ஒண்ணு தெரியாத பல சான்றுகள் ஒரே திசையைக் காட்டறது எனக்குப் பெரிசு. வருஷம் சொல்ல முடியாது. நூற்றாண்டு சொல்லலாம்.

இந்த இடத்தில் சில நண்பர்கள், "அப்பாடா, கலி 98 காலி"ன்னு கைதட்டுவாங்க. அவங்களில் சிலர் முதல், இடை, கடைச் சங்கங்களை 4440, 3700, 1850, மொத்தம் 9990 வருஷம்னு மேடையில் சொல்றவங்க. இந்த எண்கள் வர்றது இறையனார் அகப்பொருள் உரையில். முச்சங்கங்களையும் சேர்த்து 197 பாண்டியர்கள்னு கணக்கும் கொடுக்குது. கலி 98க்கு என்ன சோதனையோ அதே சோதனையை இதுக்கு வைக்கணும். வச்சா இதுவும் நிக்காது. கிறிஸ்தவ நண்பர் ஒருத்தர், தோமா கி.பி. 52இல் வந்தார்னு சொன்னா நான் உடனே "எழுத்துச் சான்று எப்போ?"ன்னு கேப்பேன். தோமாவின் பணிகள் என்கிற சிரியாக் நூல் 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நூத்தைம்பது வருஷத்துக்கு மேல இடைவெளி. ஆண்டாளுக்கும் குருபரம்பரைக்கும் நடுவில உள்ள இடைவெளி அதை விடப் பெரிசு. அவர் முகத்துக்கு நேரா அந்தக் கேள்வியைக் கேக்கற உரிமை எனக்கு எங்கிருந்து வருதுன்னா, என் வீட்டுக்குள்ள அதே கேள்வியைக் கேட்ட பிறகுதான் வருது.

சாமி சம்பந்தமே இல்லாத ஒரு உள்ளூர் உதாரணமும் உண்டு. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கிறது எங்க ஊர்க் கோபுரம்தான்னு சின்ன வயசிலிருந்து கேட்டு வளந்தவங்க நாங்க. 11 நிலை, 192 அடி. பெருமை இருக்காதா பின்னே? ஆனா முத்திரையை வரைஞ்ச ஓவியர் மதுரை ஆர். கிருஷ்ணா ராவ், தான் வரைஞ்சது மதுரை மீனாட்சி கோவில் மேற்குக் கோபுரம்னு சொல்லியிருக்கார். வரைஞ்சவர் சாட்சி ஒரு பக்கம், அரசு வெளியீடுகளிலும் ஊர் வாய்மொழியிலும் தொடர்ந்து சொல்றது மறு பக்கம். இதை டீக்கடையில் சொல்லிப் பாருங்க, கலி 98ஐச் சொன்னப்போ வராத கோபம் வரும். நம்பிக்கையில் தெய்வத்தை விட ஊர் எவ்வளவு கலந்திருக்குங்கறது எனக்கு அப்பத்தான் உறைச்சது.

மிச்சம் இருக்கிறது, எந்தக் கணக்குக்கும் சிக்காத கூற்றுகள். ஆண்டாள் அரங்கனோட கலந்தாள் என்பதை எந்தக் கல்வெட்டு நிரூபிக்கும், எது மறுக்கும்? பெரியாழ்வார் திருமொழியில், வளர்த்த ஒற்றை மகளைத் திருமால் கூட்டிக்கிட்டுப் போயிட்டார்னு ஒரு தாய் புலம்பற பாசுரம் உண்டு. உரைகாரங்க இதில் ஆண்டாளைப் பாக்கறாங்க. தமிழ் அகமரபு தெரிஞ்சவங்க, மகள் உடன்போனதுக்குத் தாய் புலம்பறது பழைய துறைதானேன்னு சொல்லுவாங்க. ரெண்டு வாசிப்புக்கும் பாசுரம் இடம் கொடுக்குது. இப்படிப்பட்டதை நான் "நிரூபிக்கப்பட்ட வரலாறு" பெட்டியிலும் போடறதில்லை, "பொய்" பெட்டியிலும் போடறதில்லை. மத்த மதத்து அற்புதங்களை "அவங்க நம்பிக்கை"ன்னு சொல்றேன்னா, இதை "என் நம்பிக்கை"ன்னு சொல்றேன். அவ்வளவுதான் சலுகை.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பெரியப்பாகிட்ட காட்டினேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், நாலாயிரத்தில் பாதி மனப்பாடம். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு முழுசும் படிச்சார். "ஏம்ப்பா, தாயாருக்கே பர்த் சர்டிபிகேட் கேக்கிறியா?"ன்னார்.

"கேக்கல பெரியப்பா. நம்ம ஆளுங்க ஒண்ணு கொடுத்திருக்காங்க. அதில் சீல் சரியான்னு பாக்கிறேன்."

சிரிக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, உன் பக்கத்தை எழுதிட்ட. கலி 98னு சொல்றவன் பக்கத்தை அவனே ஒத்துக்கற மாதிரி எழுதியிருக்கியா?"ன்னு கேட்டார். அதோட, ஸ்ரீபாஷ்யத்தில் ராமானுஜர் என்ன பண்றார்னு ஞாபகப்படுத்தினார். தன் சித்தாந்தத்தைச் சொல்றதுக்கு முன்னால அத்வைதியின் வாதத்தை மகாபூர்வபட்சமா, அவங்களே அசந்து போற அளவுக்கு முழுசா எடுத்து வைக்கிறார். அப்புறம்தான் மகாசித்தாந்தம். எதிர்க்கட்சியைப் பொம்மையாக்கி அடிக்கிற வேலை அங்கே கிடையாது. விமர்சனப் பார்வை மேற்கத்திய இறக்குமதி, நமக்கு எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு இதை விட நல்ல பதில் என்கிட்ட இல்லை. மேலே வருஷப் பெயர்க் கணக்கை மரபுக்கு ஆதரவா முதல்ல முழுசாப் போட்டுட்டு, அப்புறம் கேள்வி கேட்டதும் பெரியப்பா சொன்னதுக்காகத்தான். நோட்டில் அந்தப் பகுதி கடைசியில இருந்தது.

அவரிடம் ஒரு கேள்வியைக் கேக்காம வர முடியலை. "நாளைக்கு ஆண்டாள் 9ஆம் நூற்றாண்டுன்னு கல்வெட்டே கிடைச்சாலும் நீங்க சாத்துமுறையில் தீர்த்தம் வாங்குவீங்களா?"

"பின்ன, வாங்காம? அந்தப் பொண்ணு பாட்டு பாடினாளா இல்லையா?"

எனக்கும் அதே நிலைதான். எது போனா நம்பிக்கை போகும்னு எழுதிப் பாத்தேன். கலி 98 போனது, ஒண்ணும் ஆகலை. 731 போனது, ஒண்ணும் ஆகலை. இந்த 173 பாசுரங்களை ஒரு பெண் பாடவே இல்லை, பின்னால வேற யாரோ எழுதிச் சேர்த்ததுன்னு வலுவான சான்று வந்தா? அது எனக்கு வலிக்கும். அப்படி வந்தாலும் அதைப் படிப்பேன். இந்தப் பதிலை முன்கூட்டியே எழுதித் தேதி போட்டு வச்சிருக்கேன். அந்தச் சான்று வர்ற அன்னைக்கு விதியை மாத்திக்கக் கூடாதில்லையா.

இப்போதைக்கு நோட்டில் திறந்து கிடக்கிற கேள்வி நெடுமாறன். பாண்டியர்களில் மாறன் என்ற பேர் திரும்பத் திரும்ப வருது. பெரியாழ்வார் சொன்ன நெடுமாறனும் குருபரம்பரையின் வல்லபதேவனும் ஒரே ஆளா, 7ஆம் நூற்றாண்டு நெடுமாறனா, 9ஆம் நூற்றாண்டு ஸ்ரீவல்லபனா? வேள்விக்குடி, சின்னமனூர், தளவாய்புரம் செப்பேடுகளை வரிசையா வச்சுப் படிக்கணும். தளவாய்புரம் ராஜபாளையம் பக்கம்தான். அந்தச் செப்பேட்டில் இருந்து ஆரம்பிக்கப் போறேன்.